மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

பக்கத்து வீட்டு டொரதியின் கம்ப்யூட்டர் பொத்தானைத் தொட்டதும் திறந்துவிடும். லோஜினியின் கம்ப்யூட்டரோ அவள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்த பிறகுதான் கண் விழிக்கும். லோஜினிக்கு வயிறு எரிந்தது.

"அவங்களோடத விட நம்மளோடது வேகமா ஓடணுங்க," என்று ஒரு மாதமாகக் கணவனை நச்சரித்தாள்.

நிரஞ்சன் கண்டி டவுனுக்குப் போய், விலை குறைந்த டூயல் கோர் பிராசஸர் ஒன்றை வாங்கி வந்தான். அதன் மூலையில் சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளி.

"இது என்னங்க?"

"அதுவா... கம்பெனி முத்திரை."

மாட்டியதும் கம்ப்யூட்டர் பறந்தது. லோஜினி உடனே டொரதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "புத்தம் புதுசு! டூயல் கோர்!"

"நல்லா இருக்கே அக்கா! நாங்களும் அதத்தான் வச்சிருந்தோம். போன மாசம் அதைக் கடையில குடுத்துட்டுப் பெருசா ஒண்ணு போட்டுக்கிட்டோம்."

லோஜினியின் முகம் சுருங்கியது. டொரதி முன்பு கேக் கொண்டுவந்த தட்டைத் திருப்பிக் கொடுக்க, அவள் அதைக் கழுவிக் கவிழ்த்தாள். அடியில் சிவப்பாய் ஒரு புள்ளி.

"நெயில் பாலிஷ் அக்கா," என்றாள் டொரதி. "எங்க சாமான் மாறிடக் கூடாதுல்ல? கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போறப்ப, உள்ள இருக்கிறதுலயும் ஒண்ணு விடாம புள்ளி வச்சிருவேன்."

லோஜினி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

நிரஞ்சன் வாசலில் அவசர அவசரமாகக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.