விராலும் மண்கரையும்

ஒருவன் தன் தோட்டத்து ஓடையை மண்கரை போட்டு மறித்து மீன் வளர்த்தான். மிச்ச நீர் வழிந்தோடும் வாய்க்காலில், மீன் தப்பாதிருக்க இந்த வருஷம் ஒரு வலையும் கட்டினான்.

"மகராசன், நல்லாயிருக்கணும்" என்று வாழ்த்தினாள் தாய் விரால். போன மழையில் அந்த வழியாகத்தான் பாதிக் குஞ்சுகளைப் பறிகொடுத்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அடித்து வந்த சருகெல்லாம் வலையை அடைத்தது. தண்ணீர் கரையின் கழுத்துவரை ஏறிவிட்டது.

"தங்கச்சி, அந்த வலையில ரெண்டு கண்ணியைக் கடிச்சு விடும்மா. தண்ணி போகட்டும். என்னால தாங்க முடியல" என்றது கரை.

"ஓட்டை போட்டா எம் புள்ளைங்க போயிடுமேண்ணே!"

"நாலு போகும். மிச்சம் இருக்கும்ல?"

"எந்த நாலுன்னு நீயே சொல்லு, பாப்போம்" என்று சீறினாள் விரால்.

ராத்திரி முழுக்கக் கரை தாங்கி நின்றது. விடியும்போது நடுவில் பிளந்தது. குளம் மொத்தமும் ஓடிப்போனது.

சேற்றுக் குழியில் ஒதுங்கிய விரால் தலையைத் தூக்கித் தேடினாள். அவளுடைய சிவப்புக் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எதிரே வலை மட்டும் கட்டினது கட்டினபடி நின்றது, ஒரு கண்ணிகூட அறுபடாமல்.