எர்மெத்தே தோட்டத்துச் சுவர்

ஒரே நாளில் ரோமானிய இடிபாடும் ஒயினும் காட்டும் சுற்றுலாப் பேருந்து, இடிந்த சுவர் இருக்கும் திராட்சைத் தோட்டத்தில்தான் நிற்கும். எர்மெத்தேயின் தோட்டத்தில் இந்தக் கோடையிலிருந்து நிற்கிறது.

இன்று தொல்லியல் அதிகாரி ஓர்னெல்லாவும் வந்து, சுவரைத் தடவிக் கண் கலங்கினார்.

"ரெண்டாயிரம் வருஷம்! ஆராய்ச்சி முடியிற வரைக்கும் தோட்டத்துல யாரும் கால் வைக்கக் கூடாது."

"அடுத்த வாரம் அறுவடை, மேடம்! ஆராய்ச்சி எப்ப முடியும்?"

"பக்கத்து ஊர்ல பதினோரு வருஷமா நடக்குது."

எர்மெத்தே காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "சத்தியமா சொல்றேன், மேடம், இது நானும் என் மச்சானும் மார்ச்சுல கட்டினது! பாசி பிடிக்கட்டும்னு தயிர் பூசினோம்!"

ஓர்னெல்லா நிதானமாக வாசலைப் பூட்டி முத்திரை வைத்தார்.

"நிலத்துக்காரங்க எல்லாருமே தாங்களே கட்டினதாத்தான் சொல்றாங்க, சார். தயிர்தான் புதுசு."