வெளியே நின்ற தொட்டி

இன்றைக்கு உறைபனி விழும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ரெஸ்டாரண்டில் சட்டி கழுவிக் களைத்து, பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் இருந்த தன் அறைக்குத் திரும்பிய குகதாசன் பதறிப் போனான். பால்கனியில் இருந்த தக்காளி, கத்தரித் தொட்டிகளெல்லாம் உள்ளே வந்திருந்தன.

“பூரணி, உமக்குச் சொன்னா விளங்காதோ? இந்த நேரத்திலை பாரம் தூக்கலாமோ?”

“செடியள் கருகிப் போகுமெல்லோ?” கட்டிலில் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள் மனைவி.

வருடக்கணக்காகக் காத்திருந்து, இப்போதுதான் அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்து வைத்துவிட்டான்.

வெளியே எட்டிப் பார்த்தான். துளசி மட்டும் குளிரில் நின்றது. தினமும் அவள் விளக்கு வைத்துக் கும்பிடும் துளசி!

“பெரிய தொட்டியளை இழுத்தனீர், இந்தச் சின்னனை மறந்துபோனீரோ?”

“மறக்கேல்லை.”

“பிறகென்ன? நீரே எடுத்து வையும். நான் இறைச்சிச் சட்டி கழுவின கை.”

“குளிச்சிட்டு நீங்களே எடுங்கோ.” அவள் குரல் உடைந்தது. “மத்தியானத்திலையிருந்து தீட்டு. நான் அதைத் தொடக்கூடாது.”

குகதாசன் போய்க் குளித்துவிட்டு வந்தான். துளசியை உள்ளே எடுத்து வைத்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, அவள் கால்வரை போர்வையை இழுத்துவிட்டான்.

“தேத்தண்ணி போடட்டே?” என்றான்.