காவல் இருந்த விரால்

ஏரித்தண்ணீர் கஞ்சி போலச் சுடும் சித்திரை மாதம். அல்லி இலைகளுக்கு அடியில் ஒரு விரால், பொரிந்த குஞ்சுகளை விட்டு நகராமல், தீனிகூடத் தின்னாமல் காவல் இருந்தது. தலைக்கு மேலே ஒரு தவளை போவதும் வருவதுமாக இருந்தது.

"கடிக்காதீங்கண்ணே! நான் வெறும் ரப்பர். வயித்துல தூண்டில் முள்ளு இருக்கு. கரையில நிக்கிறவன் இழுத்த இழுப்புக்கு வர்றேன்," என்றது தவளை.

"ரப்பரோ கிப்பரோ, என் பிள்ளைங்க தலைமேல நீந்துவியா?" என்று பாய்ந்து கவ்வியது விரால். முள் தாடையில் தைத்தது.

கரையில் நின்றவன் விராலைத் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுத்தான். கொஞ்சினான். பிறகு முள்ளைக் கழற்றி, பத்திரமாகத் தண்ணீரில் விட்டான்.

விரால் விழுந்தடித்துக்கொண்டு அல்லிக்கு ஓடியது. அங்கே குஞ்சுகள் இல்லை. ஜிலேபி மீன்கள்தான் வயிறு புடைக்க நின்றன.

வாயில் இருந்த மிச்சத்தை விழுங்கிவிட்டு ஒரு ஜிலேபி சொன்னது: "நல்ல மனுஷன், அண்ணே! உசுரோட விட்டுட்டானே."