ருஷ்யச் சீமாட்டி

"கதவுக்கு உதைக்கக் கூடாது, சீமாட்டி! யன்னலுக்கால பார்த்து அழுதிட்டுத் திரும்பிப் போகவேணும்" என்றாள் நிஷாந்தினி.

ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்திருந்த அந்தப் பழைய வீட்டின் முன்னறை, அன்று ருஷ்ய ரயில் நிலையமொன்றின் அறையாக மாறியிருந்தது. முதுமையில் எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுச் சென்ற எழுத்தாளர் ஒருவர் அங்கே கட்டிலில் உயிர்விட, தேடி வந்த மனைவி வெளியே நிறுத்தப்படுவதே குறும்படத்தின் இறுதிக் காட்சி. படப்பிடிப்பில் எவரும் எவரையும் சொந்தப் பெயராலோ உறவுமுறையாலோ அழைக்கக் கூடாதென்பது இயக்குநரான நிஷாந்தினியின் கண்டிப்பான விதி.

சீமாட்டியாக நடித்த முதியவள் கம்பளிச் சால்வையை உதறினாள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போன மனிசன்ர வாசல்ல நான் ஏன் பிள்ளை நிண்டு அழவேணும்? கதவில நல்ல உதை ஒண்டு விட்டால்தான் சனம் கை தட்டும்."

கட்டிலில் வெண்தாடியுடன் இறந்துகொண்டிருந்த எழுத்தாளர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பிள்ளை, அந்தச் சீமாட்டியிட்டச் சொல்லு, சாகிறவனை நிம்மதியாச் சாக விடட்டாம்."

"சாகிறவர் வாயை மூடிக்கொண்டு சாகட்டுமெண்டு நீ அவருக்குச் சொல்லு!"

கிண்ணியாவிலிருந்து கமராவுடன் வந்திருந்த ரிஷாத் சிரிப்பை அடக்கிக்கொண்டான். காலையிலிருந்து இதே கதைதான். அவ்விருவரும் நேருக்கு நேர் ஒரு சொல்லேனும் பேசவில்லை. நடிப்பில் யார் பெரியவர் என்னும் போட்டி போலும் என்று அவன் எண்ணினான்.

"டிரெக்டர், வெயில் இறங்குது. கமராவையும் இண்டைக்கே திருப்பிக் குடுக்கவேணும். இந்த வெளிச்சத்தை விட்டால் பிறகு ஏலாது."

"அந்தக் கதவைத் திறந்திட்டால்தான் என்ன?" என்றாள் முதியவள்.

"அது நடந்த சரித்திரம். நான் மாத்த ஏலாது." நிஷாந்தினியின் குரல் ஏனோ தளர்ந்தது. "கடைசித் தரம். ரெண்டு பேரும் எனக்காகச் செய்யுங்கோ."

கமரா ஓடியது.

முதியவள் யன்னலருகே வந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். போர்வைக்குள் மெலிந்து கிடந்த உருவத்தை நெடுநேரம் பார்த்தாள். எழுதிக்கொடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் நடுங்கின. பின்பு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ரிஷாத் கமராவை அசையாமல் பிடித்தான். காலையிலிருந்து வாய்க்காத அழுகை இப்போது வாய்த்திருக்கிறது! அவள் முற்றத்தைக் கடந்துவிட்டால் படம் நிறைவுறும்.

அப்போது, இறந்திருக்க வேண்டிய எழுத்தாளர் எழுந்தார். பசை விட்ட தாடி ஒருபக்கம் தொங்க, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சென்று கதவைத் திறந்தார்.

"புஸ்பம்... வெளியில நிக்காத. உள்ளுக்க வாவன்."

அவள் நின்றாள். திரும்பவில்லை, ஆயினும் போகவுமில்லை.

"எல்லாம் பழுதாப் போச்சு! டிரெக்டர், கட் சொல்லுங்கோ!" என்று பதறினான் ரிஷாத்.

நிஷாந்தினி கமராவின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மெல்ல மூடினாள்.

"சத்தம் போடாதேங்கோ, ரிஷாத். வீட்டை விட்டுப் போன பிறகு இண்டைக்குத்தான் அப்பா அம்மாவோட கதைக்கிறார்."