வாரம் ஒரு காரணம்

"மூணாவது லெட்டர்" என்றாள் தீக்ஷா. உறையைப் பிரிக்காமலே சாப்பாட்டு மேசையில் போட்டாள்.

சனிக்கிழமை காலை. ஸ்ரீநிவாஸுக்குக் கண் எரிந்தது. ஆஃபீஸில் சர்வர் எந்த நேரத்தில் படுத்தாலும் எழுந்து பார்க்கவேண்டிய முறை இந்த வாரம் அவனுடையது. கொட்டாவியோடு உறையைக் கிழித்தான்.

"இந்தத் தடவை என்னவாம்?" என்று கேட்டாள்.

"நடைபாதை ஓரமா புல்லைச் சீவலையாம்" என்றான்.

அமெரிக்காவில், பிளானோ நகரில் அவர்கள் வீடு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முன்பக்கப் புல்வெளியில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் புல் வெட்டப்படாமல் நின்றது. அதற்குள் ஒரு சின்னக் குழி. குழிக்குள் நாலு முயல்குட்டிகள்.

தீக்ஷாதான் முதலில் பார்த்தாள். அப்போது குட்டிகளுக்குக் கண் திறந்திருக்கவில்லை. தாய் விடிகாலையிலும் அந்தியிலும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குழியை இடம் மாற்றினால் அதற்குத் தேடி வரத் தெரியாதாம். தீக்ஷா வேலியோரம் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள். புல் வெட்டும்போது இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாள் ஸ்ரீநிவாஸிடம். வாசல் புல் உயரம் வரைக்கும் விதி வைத்திருக்கும் குடியிருப்பு அசோசியேஷனுக்கும் மெயில் போட்டாள்: முயல் குட்டி போட்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை. லெட்டர் வந்தது. புல் உயரம் அதிகம். ஏழு நாளில் வெட்டாவிட்டால் அசோசியேஷனே ஆள் அனுப்பி வெட்டும்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது இரண்டாவது லெட்டர். புல்லில் களை. ஏழு நாள்.

அந்தக் கெடுவும் நாளைக்கு முடிகிறது. இன்று இது.

மூன்றிலும் ஒரே கையெழுத்து. கோபாலசாமி. அடுத்த தெரு. அசோசியேஷன் கமிட்டியில் இருக்கிற ஒரே தமிழர்.

"பொங்கல் விழால நம்ம பக்கத்துலதானே உக்காந்தார்? சக்கரைப் பொங்கல் நான்தான் எடுத்துட்டு வந்து குடுத்தேன்" என்றாள் தீக்ஷா. "ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"அதுக்குத்தான் பதில் மரியாதை."

"தினம் வாக்கிங் வரப்ப அங்க நின்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்கறார். ஸ்கேல் வச்சு அளக்காததுதான் பாக்கி."

ஸ்ரீநிவாஸ் எழுந்து கராஜ் பக்கம் நடந்தான்.

"எங்க போறே?"

"வெட்டப் போறேன்."

"ஸ்ரீநி!"

"முடியலை தீக்ஷா. ஆஃபீஸ்ல வாரம் பூரா ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்றேன். வீட்டுக்கு வந்தா இந்த ஆளுக்கும் சொல்லணுமா? ஆளு மாத்தி ஆளு."

"இன்னும் ஒரே வாரம்டா. கண்ணெல்லாம் திறந்துடுச்சு. நேத்து ஒண்ணு வெளிய எட்டிப் பாத்தது."

அவன் புல்வெட்டும் மெஷினை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். தீக்ஷா வாசல் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் சண்டை போட்டு அலுத்திருந்தது.

புல் பக்கம் வந்தபோது தெருமுனையில் கோபாலசாமி தெரிந்தார். தலையில் தொப்பி. கையில் போன்.

"வாங்க சார்" என்றான் ஸ்ரீநிவாஸ். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. வெட்டறேன். போட்டோ எடுத்துக்குங்க."

கோபாலசாமி வேகமாக வந்தார். மெஷினின் சக்கரத்துக்கு முன்னால் ஷூ காலை வைத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க."

"எதுக்கு? அடுத்த லெட்டர் எழுத ஒண்ணும் மிச்சம் இருக்காதுன்னா?"

அவர் காலை எடுக்கவில்லை. ஸ்ரீநிவாஸுக்குக் குரல் ஏறியது.

"தெரியாமத்தான் கேக்கறேன். உயரம், களை, ஓரம், மூணும் இதே புல்லுதான் சார். மூணும் முதல் நாளே இருந்தது. உங்க கண்ணுக்குத் தெரியலையா? ஒரே லெட்டர்ல எழுதித் தொலைச்சிருக்கலாம். வாரம் ஒண்ணா எழுதி ஏன் இப்படி உயிரை எடுக்கறீங்க?"

கோபாலசாமி குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாலும் இருக்கு" என்றார்.

ஸ்ரீநிவாஸ் அவரையே பார்த்தான்.

"உங்க வீட்டம்மா மெயிலைக் கமிட்டில படிச்சோம். முயலுக்கெல்லாம் ரூல் கிடையாது, வெட்டிடுங்கன்னுட்டாங்க. வேணாம்னது நான் ஒருத்தன்தான். அஞ்சு பேர்ல ஒருத்தன் சொன்னா யார் கேக்கறா? லெட்டர் எழுதற வேலை என்கிட்ட இருக்கு. அது மட்டும்தான் இருக்கு."

"அதான் எழுதறீங்களே, வாரா வாரம்."

"புதுக் காரணம் சொல்லி லெட்டர் போனா பழைய லெட்டர் செல்லாது. மறுபடி ஏழு நாள் குடுத்தாகணும். அதுக்கு ரூல் இருக்கு."

வாசலில் நின்ற தீக்ஷா படியிறங்கி வந்தாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"கமிட்டில உக்காந்துக்கிட்டு எப்படிம்மா சொல்றது? இப்பச் சொன்னதே தப்பு."

அவர் சக்கரத்திலிருந்து காலை எடுத்தார். ஸ்ரீநிவாஸ் மெஷினைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கோபாலசாமி போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நாலடி போனவர் திரும்பினார்.

"ஒரே லெட்டர்ல எழுதியிருந்தா ஏழு நாள்தான் கிடைச்சிருக்கும் தம்பி. குட்டிங்களுக்கு மூணு வாரம் வேணுமே."