ஆளுக்கொரு தொடர்

அந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு தொடர். பார்ப்பவரின் வீட்டு மனிதர்களையே முகமும் குரலுமாக எடுத்துக்கொண்டு, அவரவர் ரசனைக்கு ஏற்றபடி டிவி தினமும் ஒரு கதை பின்னிக் காட்டும். சுகந்தியின் தொடரில் வில்லி அவள் மாமியார் இராஜாமணிதான். முந்தின நாள் அந்த வில்லி மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது சுகந்தி கைதட்டிச் சிரித்தாள்.

அன்றைக்கு அவள் அறை டிவி பழுது. வேறு வழியில்லாமல் கூடத்துக்கு வந்தாள்.

“வா கண்ணு, உக்காரு. என்ற கதையப் பாரு,” என்றாள் இராஜாமணி.

அதில் சண்டையில்லை, சதியில்லை. திரையில் வந்த சுகந்தி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்ட்டீங்களா அத்தை?” என்று கேட்டாள். பிறகு இருவரும் கீரை ஆய்ந்தபடி பேசிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவுதான் கதை.

“தெனமும் இதேதானுங்களா அத்தை?”

“ஆமாங் கண்ணு. எனக்கு இது போதும். உன்ற கதையில நான் வர்றனா?”

“வர்றீங்க அத்தை.”

“நல்லவளாத்தான வர்றேன்?”

“ஆமாங்க,” என்றாள் சுகந்தி. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் டிவி சரியானதும், “அத்தைய நல்லவங்களா மாத்து,” என்று அதனிடம் சொன்னாள். திரையில் இராஜாமணி அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், வாஞ்சையாகப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் சுகந்திக்குக் கொட்டாவி வந்தது.

அந்தக் கொட்டாவியை நினைத்துத்தான் அவள் அழுதாள்.